தமிழில் சொல்லிப் பார்!

கவர்னரைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னவுடன், நம் மன்றத் தோழர்கள் சிலர் அரசியல் கட்டுரை வருகிறதென்று மகிழ்ந்தார்கள். நான் சொல்லும் கவர்னர் மாளிகையில் வாழ்பவர் அல்லர். விமான எஞ்சினின் உடம்போடு நான்கு நட்டுகளால் இறுக்கப்பட்டு, எண்ணெயிலே குளித்து, எஞ்சின் ஓடும் வரையில் தாமும் ஓடுபவர். இரு கைகளுக்குள் அடங்கிவிடும் சிறு உருவம்தான். ஆனால், விமானத்தின் மூக்கில் சுழலும் விசிறி நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்ற வேண்டும் என்பதை ஆள்பவர் அவரே.

அந்த ஆட்சி தவறினால் என்னவாகும்? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறடி விட்டமுள்ள விசிறி நிமிடத்துக்கு 2,700 சுற்றுச் சுற்றினால், அதன் நுனி விநாடிக்கு ஏறத்தாழ 258 மீட்டர் வேகத்தில் காற்றைக் கிழிக்கிறது. அந்த நுனியில் உள்ள ஒரு கிராம் உலோகம், ஏழு கிலோவுக்கு மேற்பட்ட பாரமாக மாறி வெளியே இழுக்கிறது. ஒரு கிராமுக்கே இந்தப் பாடு! சுழற்சி நூற்றுக்குப் பத்துப் பங்கு மீறினால், இழுக்கும் விசை நூற்றுக்கு இருபத்தொரு பங்கு ஏறும். விசிறியின் அலகு ஒன்று தெறித்தால் எஞ்சின் நடுங்கித் தன் இருப்பிடத்தை விட்டே பிய்ந்து போகலாம். எனவே, இந்தக் கவர்னரைப் பொருத்துவதும் திருத்துவதும் உயிரோடு விளையாடும் வேலை.

அந்த வேலையில் நானும் என் தோழர்களும் ஒரு பிழை செய்தோம். நாங்கள் கற்றவர்கள், ஆங்கில ஏடுகளைப் படித்தவர்கள், தேர்வுத் தாளில் கவர்னரின் சமன்பாட்டைத் தவறின்றி எழுதியவர்கள். எங்கள் பிழையைக் கண்டுபிடித்தவரோ கோரமண்டலில் ஓட்டு வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்த ஒரு கிழவர். ஒரே கேள்வியில் கண்டுபிடித்தார். அந்தக் கதையைச் சொல்லி, அதிலிருந்து நம் மன்றத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோலார் தங்கவயலில் கோரமண்டல் என்னுடைய ஊர். கருநாடகத்தின் மண், வாழும் மக்களோ பெரும்பாலும் தமிழர். வட ஆற்காட்டிலிருந்தும் தருமபுரி, சேலம் பக்கங்களிலிருந்தும், ஊரிலே நிலமும் இன்றி மதிப்பும் இன்றித் தவித்தவர்கள், பொன் தோண்டும் கூலிக்காக வந்து குடியேறிய இடம். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் கால் வைத்த நாள் முதல், 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்ட நாள் வரை, நூற்றிருபது ஆண்டுகள் அந்தப் பூமிக்குள் எங்கள் முன்னோர் இறங்கி ஏறினார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் கொண்டது. இன்று கோரமண்டலுக்கு வருகின்றவன் காண்பது துருவேறிய சக்கரக் கோபுரங்களையும், வானத்தை மறைத்து நிற்கும் சைனைட் மண்மேடுகளையும்தான்.

என் தாத்தா அங்கே வைண்டிங் எஞ்சின் ஓட்டியவர். கூண்டிலே ஆட்களை நிறுத்தி, கம்பிக் கயிற்றிலே பூமிக்குள் இறக்கி, மீண்டும் ஏற்றுகிற எஞ்சின் அது. அதிலும் வேகத்தைக் காவல் காக்கும் கருவி ஒன்று உண்டு. உள்ளே இரண்டு குண்டுகள் சுழலும்; வேகம் மீறினால் குண்டுகள் விலகும்; விலகினால் பிரேக் தானே விழும். “கயித்துல தொங்கறது கூண்டு இல்ல கண்ணு, முப்பது வூட்டு அடுப்பு” என்று தாத்தா சொல்வார்.

இனி எங்கள் கதைக்கு வருகிறேன். நாங்கள் ஐவர் சேர்ந்து, எங்கள் துறையின் பட்டறைக் கொட்டகையில், இருவர் அமரக்கூடிய சிறு விமானம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறோம். சொந்தக் கையால் விமானம் கட்டுவது நம் நாட்டுக்குப் புதிதன்று. 1910-இலேயே சென்னையில் ஓட்டல் நடத்திய தாஞ்செலிஸ் என்பவர், சிம்சன் கம்பெனியின் வண்டிப் பட்டறையில் தம் விமானத்தைச் செய்வித்துப் பறந்து காட்டினார். ஆனால், அந்தக் காலத்து விசிறிகள் சாய்வு மாறாத மரக்கட்டைகள். எங்கள் விசிறியோ பறக்கும்போதே அலகின் சாய்வை மாற்றிக்கொள்ளும் வகை. அதனால்தான் கவர்னர் தேவைப்பட்டது. எஞ்சின் பழையது; முன்பு சாய்வு மாறாத விசிறியைச் சுமந்தது. அதில் கவர்னரைப் பொருத்தினோம், ஓட்டிப் பார்த்தோம், திருத்தினோம், ஏட்டில் குறித்தோம். வேலை முடிந்த பெருமிதத்தோடு பொங்கல் விடுமுறைக்கு ஊர் வந்தேன்.

திண்ணையில் தாத்தாவிடம் என் வீரத்தை அளந்தேன். “ஹை ஆர்.பி.எம். ஸ்டாப்பை அட்ஜஸ்ட் பண்ணினோம் தாத்தா. லோ பிட்ச்ல ஸ்டாட்டிக் கம்மியா இருந்தது” என்றேன்.

தாத்தா வெற்றிலையை மென்றுகொண்டே, “தமிழ்ல சொல்லு கண்ணு” என்றார்.

“இதெல்லாம் தமிழில் சொல்ல முடியாது தாத்தா. டெக்னிகல் வார்த்தைகள்.”

“வார்த்தைய யாரு கேட்டா? ஷாப்ட்டு, வால்வு, பிரேக்கு, கவர்னரு எல்லாம் எனக்கு அம்பது வருஷமாத் தமிழுதான். நீ பேசறதுதான் தமிழா இல்ல. எது எத அமுக்குது, எது எங்க போயி நிக்குது, அதச் சொல்லு.”

தோழர்களே, அந்த நொடியில் எனக்கு வியர்த்தது. எது எதை அமுக்குகிறது? எது எங்கே போய் நிற்கிறது? படித்தது நினைவிலிருந்தது, சொல்ல வாய் வரவில்லை. தட்டுத் தடுமாறிச் சொல்லத் தொடங்கினேன். நான் அன்று சொன்னதைச் செம்மைப்படுத்தி இங்கே எழுதுகிறேன். நீங்களும் கேளுங்கள்.

விசிறியின் அலகு, காற்றை உழுகின்ற கொழு. சாய்வு குறைவாக இருந்தால் மேலோடுகிறது, எஞ்சினுக்குச் சுமை குறைவு, வேகமாகச் சுழலும். சாய்வு மிகுந்தால் ஆழ உழுகிறது, சுமை ஏறும், சுழற்சி குறையும். (“ஏர ஆழ அமுக்குனா மாடு மெதுவா நடக்கும், அதானே?” என்றார் தாத்தா. அதேதான்.) ஆகவே சாய்வை மாற்றிச் சுமையை மாற்றலாம், சுமையை மாற்றிச் சுழற்சியை ஒரே அளவில் வைக்கலாம். அதைச் செய்வது கவர்னர்.

கவர்னருக்குள்ளே ஒரு சிறு பம்பு இருக்கிறது. எஞ்சின் எண்ணெயைச் சதுர அங்குலத்துக்கு 60 பவுண்டு அளவில் வாங்கி, ஏறத்தாழ 300 பவுண்டு அழுத்தத்துக்கு உயர்த்தித் தருகிறது. மேலே, எஞ்சினோடு சேர்ந்து சுழலும் இரண்டு எடைகள். அவற்றை விலகவிடாமல் அமுக்குவது ஒரு சுருள்வில். எடைகளுக்கும் வில்லுக்கும் நடுவே, எண்ணெய்க்கு வழி திறக்கவும் மூடவும் ஒரு வால்வுத் தண்டு. சுழற்சி மிகுந்தால் எடைகள் விலகி, வில்லை எதிர்த்துத் தண்டைத் தூக்குகின்றன. எண்ணெய், உள்ளே துளையுள்ள கிராங்க் ஷாப்ட் வழியாக விசிறியின் குடத்துக்குள் பாய்ந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. அலகுகள் சாய்வை மிகுத்து ஆழ உழுகின்றன; சுழற்சி இறங்குகிறது. சுழற்சி குறைந்தாலோ, வில் வென்று தண்டை அமுக்குகிறது. எண்ணெய் வடிந்து திரும்புகிறது. அலகுகள் மீண்டும் சாய்வைக் குறைத்துக்கொள்கின்றன. இரண்டும் சமமானால் வழி அடைபட்டு எல்லாம் அப்படியே நிற்கிறது. விமானியின் கையிலுள்ள நெம்பு, அந்த வில்லை எவ்வளவு அமுக்குவது என்பதை மட்டுமே தீர்மானிக்கிறது.

“சரி, எப்படி மாட்டுன?” என்றார் தாத்தா.

முதலில் இனம் பார்க்க வேண்டும் என்றேன். எங்கள் விசிறியில் எண்ணெய் அழுத்தம் சாய்வை மிகுக்கிறது. சில விசிறிகளில், குறிப்பாக இரட்டை எஞ்சின் விமானங்களில், எண்ணெய் அழுத்தம் சாய்வைக் குறைக்கும். ஒன்றுக்குரிய கவர்னரை மற்றொன்றில் மாட்டினால், சுழற்சி மிகும்போது அடக்க வேண்டியவனே தூண்டிவிடுவான். அடுத்து, கிராங்க் ஷாப்ட்டின் அடைப்புகள். சாய்வு மாறாத விசிறியை மாட்டியிருந்த காலத்தில் ஷாப்ட்டின் முன்வாய் அடைக்கப்பட்டிருக்கும்; உள்ளே பின்னால் உள்ள அடைப்பு துளையிடப்பட்டோ நீக்கப்பட்டோ இருக்கும். இப்போது முன் அடைப்பை எடுத்துவிட்டு, பின்னால் துளையில்லாத முழு அடைப்பை இட வேண்டும். அதை மறந்தால், கவர்னர் அனுப்பும் எண்ணெய் விசிறிக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே வடிந்துபோகும், ஆளுகை நடவாது.

பிறகு கேஸ்கட். எண்ணெயை வடிகட்டும் மெல்லிய வலை அதிலேயே இருக்கிறது. வலையின் மேடான பக்கம் கவர்னரை நோக்கியிருக்க வேண்டும். கவர்னரின் பல்தண்டு எஞ்சினின் பற்களோடு தானே பொருந்தி, அடிப்பகுதி சமமாக உட்கார வேண்டும். உட்காராததை நட்டை இறுக்கி இழுத்து உட்கார வைக்கக் கூடாது. கடைசியில் கம்பி. விமானி நெம்பை முழுவதும் முன்னே தள்ளும்போது, கவர்னரின் கை தன் தடையில் போய் முட்ட வேண்டும். அப்போது விமானியின் கைப்பிடிக்கும் பலகைக்கும் இடையே மூன்று மில்லிமீட்டர் அளவு இடைவெளி மிஞ்ச வேண்டும். கைப்பிடி முதலில் முட்டிவிட்டால், விமானி முழுவதும் தள்ளிவிட்டதாக எண்ணுவான். கவர்னரோ பாதியில் நின்றிருக்கும்.

தாத்தா தலையசைத்துக்கொண்டே வந்தார். எனக்குத் தெம்பு வந்தது. பிழை செய்த இடத்துக்கு வந்துசேர்ந்தேன். அப்போது அது பிழை என்று எனக்குத் தெரியாது.

“விமானத்தைக் கட்டிப் போட்டு, எஞ்சினை முழு வேகத்தில் ஓட்டினோம் தாத்தா. 2,700 வரவேண்டும். மானி 2,580 தான் காட்டியது. கவர்னரின் கை முட்டுகிற தடைத்திருகைத் திருத்தினோம். ஒரு சுற்றுக்கு இருபத்தைந்து ஏறும் என்று ஏட்டில் இருந்தது. ஐந்து சுற்றுத் திருப்பினோம்.”

“ஏறிச்சா?”

“இல்லை. 2,580 தான் நின்றது. எஞ்சின் பழசு, அவ்வளவுதான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டோம்.”

தாத்தா வெற்றிலையைத் துப்பிவிட்டு என்னைப் பார்த்தார்.

“திருகத் திருப்பியும் வேகம் மாறல. அப்ப வேகத்தப் புடிச்சிருந்தது அந்தத் திருகு இல்லையே கண்ணு! வேற எதுவோ புடிச்சிருக்கு. அத விட்டுட்டு இத ஏன் அஞ்சு சுத்து சுத்தி வெச்ச?”

தோழர்களே! என் படிப்பு முழுவதும் அந்தத் திண்ணையில் சரிந்து விழுந்தது.

தாத்தா சொன்னதே உண்மை. விமானம் நின்ற இடத்தில் நிற்கும்போது, அலகுகள் அசையாத காற்றைக் கடிக்கின்றன, சுமை மிகுதி. சுழற்சி 2,700-ஐ எட்டாதபோது கவர்னர் என்ன செய்யும்? எண்ணெயையெல்லாம் வடித்துவிடும். அலகுகள் சாய்வைக் குறைத்துக்கொண்டே போய், விசிறியின் குடத்துக்குள் இருக்கும் வேறொரு தடையில் முட்டி நிற்கும். அதற்குமேல் சாய்வு குறைய வழியில்லை. அந்த வேளையில் சுழற்சியைத் தீர்மானிப்பது எஞ்சினின் வலுவும் அந்தக் குடத்துத் தடையும், கவர்னர் அன்று. கவர்னர் கைகட்டி வேடிக்கை பார்க்கிறது. விமானம் ஓடத் தொடங்கிக் காற்று எதிரே வந்த பிறகுதான் சுமை குறையும், சுழற்சி ஏறும், 2,700 வந்ததும் கவர்னர் கடிவாளத்தைக் கையில் எடுக்கும். ஆகவே, நின்ற நிலையில் சற்றுக் குறைவாகக் காட்டுவது குறையே அன்று, இயல்பு.

நாங்கள் ஐந்து சுற்றுத் திருப்பி வைத்ததால் நேர்ந்தது என்ன? தரையில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கடிவாளம் 2,825-இல் போய் உட்கார்ந்துவிட்டது. விமானம் ஓடுபாதையை விட்டு எழுகிற அந்த நேரத்தில், எஞ்சின் தன் எல்லையை 125 சுற்றுத் தாண்டியிருக்கும். அலகை இழுக்கும் விசை நூற்றுக்கு ஒன்பதரைப் பங்கு ஏறியிருக்கும். திரும்பி இறங்கவும் இடமில்லாத, மேலே போக உயரமும் இல்லாத வேளை அது!

“அது கெடக்கட்டும், மானிய யாரு சோதிச்சா?” என்பது தாத்தாவின் இரண்டாம் கேள்வி. ஒருவரும் சோதிக்கவில்லை. விடுமுறை முடியும் முன்பே திரும்பினேன். ஒளியால் அளக்கும் சுழற்சிமானி ஒன்றை இரவல் வாங்கி அளந்தோம். விமானத்தின் மானி நாற்பது குறைத்துக் காட்டுகிறது! நின்ற நிலையின் உண்மைச் சுழற்சி 2,620. விசிறிக்குரிய ஏட்டில் சொன்ன எல்லைக்குள் சரியாக இருந்தது. நாங்கள் திருகைத் தொட்டிருக்கவே வேண்டியதில்லை.

ஐந்து சுற்றையும் திரும்ப வைத்தோம். எது பிடித்திருக்கிறது என்பதை அறியும் எளிய வழியையும் அன்றுதான் செய்து பார்த்தோம். எஞ்சினை முழு வேகத்தில் வைத்து, விமானியின் விசிறி நெம்பை மெல்லப் பின்னுக்கு இழுக்க வேண்டும். இழுத்தவுடனே சுழற்சி இறங்கினால், பிடித்திருப்பது கவர்னர். சிறிது தூரம் இழுக்கும் வரை ஒன்றும் மாறாமல் இருந்து பிறகு இறங்கினால், பிடித்திருப்பது குடத்துத் தடை. பின்னர் திருகின் பூட்டு நட்டை இறுக்கி, கம்பியால் கட்டி, அனுபவமுள்ள பொறியாளர் ஒருவரைக் கொண்டு அனைத்தையும் மீண்டும் பார்க்கச் செய்து, எங்கள் பிழையையும் மறைக்காமல் ஏட்டில் எழுதினோம். ஒவ்வொரு முறையும் பறக்கும் முன் நெம்பை இரண்டு மூன்று தடவை பின்னிழுத்து முன்தள்ளி, குடத்துக்குள் இருக்கும் காற்றை வெளியேற்றிச் சூடான எண்ணெயை வரவழைக்க வேண்டும் என்ற விதியைத் தாத்தாவிடம் சொன்னபோது, அவர் சிரித்தார். “நாங்களும் ஆள ஏத்தறதுக்கு முன்னால வெறுங்கூண்ட ஒரு தடவ இறக்கி ஏத்திப் பாப்போம்” என்றார்.

இனி, எங்கள் பிழையின் வேர் எங்கே என்று பார்ப்போம். ஆங்கில ஏட்டில் இரண்டு தடைகள் உண்டு. ஒன்று ‘ஹை ஆர்.பி.எம். ஸ்டாப்’, மற்றொன்று ‘லோ பிட்ச் ஸ்டாப்’. ஒன்று உயர்வு என்கிறது, மற்றொன்று தாழ்வு என்கிறது. இரண்டும் குறிப்பதோ சுழற்சி மிகும் ஒரே திசையை! ஒன்று கவர்னரின் வெளியே இருக்கிறது. மற்றொன்று விசிறியின் குடத்துக்குள் இருக்கிறது. பெயரை மட்டும் மனப்பாடம் செய்தவனுக்கு இவை இரண்டும் மூளையில் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். ‘கவர்னரின் கை முட்டும் திருகு’, ‘அலகு போய் முட்டும் தடை’ என்று தமிழில் சொல்லியிருந்தால், குழப்பத்துக்கு இடமேது? எது முட்டுகிறது, எங்கே முட்டுகிறது என்பது அந்தச் சொற்களிலேயே இருக்கிறதே!

ஆங்கிலத்தின்மீது எனக்குப் பகையில்லை. ஆங்கிலேயனுக்கு அந்த ஏடு தெளிவாகத்தான் இருக்கும். அவன் தன் தாயிடம் பேசிய மொழியில் அதைப் படிக்கிறான். நாம் என்ன செய்கிறோம்? பொருளை விழுங்காமல் சொல்லை விழுங்குகிறோம். தேர்வில் அதையே கக்குகிறோம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். நம் ஏட்டுச் சுரைக்காயோ விமானத்தில் ஏறவும் துணிந்துவிட்டது! தாய்மொழியில், ஒரு தொழிலாளிக்கு விளங்கச் சொல்ல முடியாத பொறியை நாம் அறிந்தவர்கள் அல்லர். இதுவே நான் திண்ணையில் கற்ற பாடம். இக்கட்டுரையில் நான் சொல்ல வந்ததும் இதுவே.

“கலைச்சொல் இல்லையே!” என்று சிலர் கைவிரிப்பார்கள். தாத்தா அதற்கு விடை சொல்லிவிட்டார். ஷாப்ட்டும் வால்வும் கவர்னரும் தங்கவயல் தொழிலாளியின் வாயில் தமிழாகிவிட்டவை. நல்ல தமிழ்ச் சொல் கிடைத்தால் மகிழ்ச்சியோடு ஆள்வோம். கிடைக்கும் வரை வேலையை நிறுத்தி வைக்க வேண்டாம். பெயர்ச்சொல் விருந்தாளியாக வரட்டும். வினைச்சொல் வீட்டுக்காரனாக இருக்கட்டும். முட்டுகிறது, விலகுகிறது, வடிகிறது, அமுக்குகிறது, பிடிக்கிறது: பொறியின் உயிர் இந்த வினைகளில்தான் இருக்கிறது.

“விமானத் துறையின் சட்டமும் ஏடும் ஆங்கிலத்தில்தானே?” என்பது அடுத்த கேள்வி. ஆம், அந்த ஏட்டின் அளவுகளை எழுத்துப் பிசகாமல் பின்பற்றத்தான் வேண்டும். தமிழ் விளக்கம் அதற்கு மாற்றாகாது. அதைப் பிழையறப் புரிந்துகொள்ளப் பிடித்த விளக்கு.

“தமிழால் முடியுமா?” என்று இன்னும் கேட்பார் உளரோ! 19-ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர் தமிழிலே மருத்துவ நூல்கள் வெளியிட்டு, தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். பெரியசாமித் தூரன் பொறுப்பில் 1954 முதல் 1968 வரை கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ் வழியில் கற்பிக்கத் தொடங்கியது. ஆகவே, முடியுமா என்ற கேள்வி செத்துப்போன கேள்வி. ஆனால் ஒரு குறையை ஒப்புக்கொள்ள வேண்டும். கவர்னர் என்றால் என்ன என்று சொல்லும் தமிழ் நம்மிடம் உண்டு. கவர்னரை எப்படி மாட்டுவது என்று சொல்லும் தமிழ் அரிது. பொருளை விளக்கும் எழுத்து வளர்ந்தது. வேலையைச் செய்யவைக்கும் எழுத்து வளரவில்லை.

ஏன் வளரவில்லை? வேலை செய்தவன் எழுதவில்லை. எழுதியவன் வேலை செய்யவில்லை. தங்கவயலின் வரலாற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். 1788-இல் ஜேம்ஸ் வாட் நீராவி எஞ்சினில் சுழல் குண்டுகளை மாட்டினார். 1868-இல் மாக்ஸ்வெல் அதன் கணிதத்தை எழுதினார். 1870-இல் அமெரிக்காவில் நீர்ச்சக்கரங்களுக்குக் கவர்னர் செய்யத் தொடங்கிய உட்வர்ட் கம்பெனியே 1930-களில் விமான விசிறிக்கும் கவர்னர் செய்தது. அங்கெல்லாம் கையும் எழுதுகோலும் ஒன்றாய் நடந்தன. நம் கதை? 1902-இல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து நூற்றைம்பது கிலோமீட்டர் அளவு கம்பியோடி மின்சாரம் தங்கவயலுக்கு வந்தது. உலகமே வியந்த வேலை. அந்த மின்சாரத்தில் ஓடிய எந்திரங்களைத் தமிழன் தொட்டான், துடைத்தான், திருத்தினான், தலைமுறை தலைமுறையாக ஓட்டினான். அவன் அறிந்ததைத் தமிழில் எழுதி வைத்த ஏடு எத்தனை? பள்ளி வாசலை மிதிக்க விடாத சமூகம், அவன் கையில் எழுதுகோலைக் கொடுக்கவில்லை. அவன் அறிவு நாவிலே பிறந்து நாவிலேயே நின்றது. 2001-இல் சுரங்கம் மூடப்பட்டபோது வேலை மட்டும் போகவில்லை. அந்த அறிவைக் கைமாற்றிக் கொடுக்கும் இடமும் போயிற்று. இன்று கோரமண்டலின் இளைஞர்கள் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். திண்ணைகளில் கிழவர்கள் எஞ்சியிருக்கிறார்கள். அவர்களும் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறார்கள்.

ஆகவே, மன்றத் தோழர்களின் முன் மூன்று வேண்டுகோள் வைக்கிறேன்.

முதலாவது: நம் ஆண்டு மலரில் கவிதைக்கு இடம் இருக்கட்டும், கதைக்கும் இருக்கட்டும். ஒவ்வோர் ஆண்டும் ஒரே ஒரு பொறியின் ஒரே ஒரு வேலையை, தொடக்கம் முதல் முடிவு வரை, கையால் செய்யத்தக்கவாறு தமிழில் எழுதும் கட்டுரைக்கும் நாலு பக்கம் ஒதுக்குங்கள். பம்பு செட்டாயினும் சரி, தறியாயினும் சரி, விமானக் கவர்னராயினும் சரி.

இரண்டாவது: அந்தக் கட்டுரைக்குப் பேராசிரியர் மட்டும் மதிப்பெண் இட வேண்டாம். அந்தப் பொறியை அறியாத ஒருவர் கையில் அதைக் கொடுத்து, ஓடாத எந்திரத்தின் முன் நிறுத்தி, படித்துக்கொண்டே செய்யச் சொல்லுங்கள். அவர் எங்கே தயங்குகிறாரோ, அங்கே நம் தமிழ் தவறியிருக்கிறது என்று பொருள், அங்கே திருத்துவோம்.

மூன்றாவது: அடுத்த கோடை விடுமுறையில் ஒரு பத்துப் பேர் என்னோடு தங்கவயலுக்கு வாருங்கள். கோரமண்டலிலும், ஊரிகத்திலும், மாரிக்குப்பத்திலும், சாம்பியனிலும் எஞ்சியுள்ள பிட்டர்களையும் எஞ்சின் ஓட்டிகளையும் கண்டு, அவர்கள் செய்த வேலையை அவர்கள் வாய்மொழியிலேயே பதிவு செய்வோம். சோறு எங்கள் வீட்டில்.

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது. நம் தொழிற்கல்வி என்னும் தேருக்கு, அனைவருக்கும் விளங்கும் தாய்மொழியே அச்சாணி. மேடையில் தமிழைப் புகழ்ந்து பேசுவது எளிது. ஒரு திருகை எத்தனை சுற்றுத் திருப்ப வேண்டும், ஏன் திருப்பக் கூடாது என்று பிழையின்றித் தமிழில் சொல்வது கடினம். அந்தக் கடினமான தொண்டைத்தான் இன்று தமிழ் நம்மிடம் கேட்கிறது.

எங்கள் கொட்டகையில் அந்த எஞ்சினுக்கு மேலே ஒரு அட்டையைத் தொங்கவிட்டிருக்கிறோம். இனி எவர் எந்தத் திருகைத் தொட வந்தாலும் முதலில் அதைப் படிக்க வேண்டும். அதில் இருப்பது சமன்பாடு அன்று. என் தாத்தாவின் கட்டளை:

“தமிழ்ல சொல்லு கண்ணு. அப்புறம் திருகு.”